முட்டுக்கால்

நாலாம் நாள் பின்னேரம்,
பார்வையாளர் மணி அடித்து வாட்டு ஓய்ந்த பிறகு
யோகதாசன் கூப்பிட்டான், கோபன்ஹேகனில் இருந்து.
அவன் முகம் வரவில்லை.
ஒரு பச்சைக் கூரை வந்தது,
களிம்பேறிய செப்புச் சட்டியைக் கவிழ்த்து வைத்தது மாதிரி.
"தேவாலயம் மச்சான். சும்மாதான் வந்த நான்."

சும்மா வருகிற ஆளில்லை அவன்.
மீன் தொழிற்சாலையில் இரவு வேலை,
பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுக்கிறவன்.
வந்தாறுமூலையில் அவன் கட்டும் வீட்டின்
லிண்டல் மேலிருந்துதான் நான் விழுந்தேன்.
அதை அவனும் எடுக்கவில்லை,
நானும் எடுக்கவில்லை.

முதுகில் ஒரு எலும்பு வெடித்திருக்கிறதாம்.
ஆறு கிழமை மல்லாந்தே கிடக்க வேண்டுமாம்.
மட்டக்களப்பு ஆஸ்பத்திரியின் இந்தக் கூரையை
இனி எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை:
முப்பத்தாறு தகடு,
அதில் ஒன்று தொய்ந்தது,
மூலையில் தேத்தண்ணி நிறத்தில் ஒரு கறை,
பல்லி வரும் நேரம் ஏழரை.

"உள்ளுக்குப் போறன். எல்லாரும் கழுத்தைப் பிடிச்சுக்கொண்டு
அண்ணாந்து நிக்கிறாங்க. நீ பொறு,
போனை நிலத்தில வைக்கிறன்."

வைத்தான்.
அவனும் போய்விட்டான், நிலமும் போய்விட்டது.
நான் அங்கே மல்லாந்து கிடந்தேன்.

முதலில் வெளிச்சம்.
பிறகு நீலமும் பொன்னுமாய்ப் பன்னிரண்டு ஆட்கள்
வட்டமாய் நின்று என்னைப் பார்த்தார்கள்,
வாட்டு சுற்றும் டொக்டர்மாரைப் போல.
உச்சியில் ஒரு வட்டம்,
அதற்குள்ளிருந்து பகல் இறங்கியது.

கொத்தன் கண் சும்மா இருக்குமா?
எங்கே முட்டுக்கால் கொடுத்திருப்பான்?
எத்தனை ஆயிரம் மரம்?
வளையம் இறுகும்வரை கீழே எவன் நின்றிருப்பான்,
எந்தப் பலகை முதலில் கழன்றிருக்கும்?
கடைசி முட்டைத் தட்டி எடுக்கும்போது
அந்த மேசன் மூச்சு விட்டிருப்பானா?

பக்கத்துக் கட்டிலில் பதுறுதீன் காக்கா,
காத்தான்குடி லொறிக்காரர்,
காலைக் கட்டித் தொங்கவிட்டபடியே எட்டிப் பார்த்தார்.
"சுபஹானல்லாஹ், என்ன குப்பா தம்பி இது!
தூண் நடுவில இல்லையே, எப்படி நிக்கிது?"
"பாரத்தைச் சுத்திவரப் பங்கு போடுறது காக்கா."
"லொறியிலயும் அப்படித்தான்" என்றார்.

ஒரு சப்பாத்து திரையைக் கடந்தது.
இன்னொன்று.
பிறகு ஒரு வெள்ளைக் குழந்தை குனிந்து
பல்லில்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தது.
ஆரோ இழுத்துப் போனார்கள்.
பன்னிரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

யோகதாசனின் குரல் எங்கோ பக்கத்தில் இருந்து வந்தது.
"இது நூறு வருசத்துக்கு மேல
பாதிச் சுவரா நிண்டதாம் மச்சான்.
காசில்லாம விட்டுட்டாங்களாம்.
புல்லெல்லாம் முளைச்சுதாம்."
"உன்ட வீட்டை அப்படி விடமாட்டன்டா" என்றேன்.
பகிடியாகத்தான் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை.

கன நேரம் ஒன்றும் இல்லை.
தூரத்தில் ஓர்கன் ஒரு சுரத்தை மட்டும்
சரிபார்த்துச் சரிபார்த்து விட்டது.
அப்போதுதான் விளங்கியது,
அவன் போனை ஏன் நிலத்தில் வைத்தான் என்று.
அவன் மூக்கை உறிஞ்சினான்.
"அந்தச் சாரத்தை நான்தான்
மலிவா முடிக்கச் சொன்ன" என்றான்.

கயிறு கட்டியது நான்.
அந்தக் கயிற்றின் முடிச்சு
இப்போதும் என் விரலில் இருக்கிறது.
அதைச் சொல்ல வாயெடுத்தேன்,
தாதி வந்து, "போனை வைங்க, ஊசி" என்றாள்.

"நிலம் குளிரா?" என்று மட்டும் கேட்டேன்.
"ஓம்" என்றான். "கல்லு."

பிறகு சிக்னல் இறுகிப்போனது.
கூரை அசையாமல் நின்றது,
உச்சி வட்டத்தில் பாதி வெளிச்சத்தோடு.
பற்றரி நாலு சதவீதம்.
அணையும்வரை பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

யன்னலுக்கு வெளியே வாவிப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
தகரத்தில் முதல் துளிகள்.
வந்தாறுமூலையிலும் இப்போது பெய்யும்.
கூரையில்லாத அறைக்குள்
சிமெந்து ஏழு மூட்டை,
மேலே ஒரு படங்குகூட இல்லை.

அதைச் சொல்ல மறந்துபோனேன்.