வேகமாக வந்த ‘இல்லை’

திங்கள் போயா விடுமுறை. வங்கிக்குள் தனியே இருந்து
சேர்வரின் இயங்குதளத்தை மாற்றினேன்.
இரண்டு தரம் கறண்ட் போய் வந்தது.
ஜெனரேற்றருக்கு டீசல் அடித்த பில்
இன்னும் என் லாச்சிக்குள் கிடக்கிறது.

செவ்வாய் காலை எல்லாம் பறந்தது.
அடகுப் பகுதியில் பெயரை அடித்து
விரலை எடுக்க முன்னம் விடை.
“என்ன மருந்து குடுத்தனீர்?” என்றா நிரோசினி.
நான் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு
பெரிய ஆள் மாதிரிப் பேசாமல் இருந்தேன்.

பத்தரைக்குப் பாஷையூரிலிருந்து ஒருவர் வந்தா.
ஜெனோவா மரியாம்பிள்ளை.
சங்கிலி, நாலு பவுணும் ஆறு மஞ்சாடியும்.
வள்ளத்துக்கு இயந்திரம் எடுக்க வைத்தது.
பற்றுச்சீட்டு வள்ளத்திலேயே நனைந்து கூழாய்ப் போனது.
இலக்கம் ஞாபகமில்லை.
கையில் காசு, வாயில் பெயர்.

நிரோசினி அடித்தா.
இல்லை.
ஒரு விநாடியை ஆயிரமாய் நறுக்கினால் மூன்று துண்டு.
அவ்வளவு வேகமான இல்லையை நான் கண்டதில்லை.

“வடிவாப் பாருங்கோ, பிள்ளை.”
வடிவாகப் பார்த்தா. இல்லை.
ஜெ-யைச் செ ஆக்கிப் பார்த்தா. இல்லை.
ஜெனோவா கத்தவில்லை.
“உடன இல்லையெண்டு சொல்லுற கந்தோர்
கனக்கப் பாத்திட்டன்” என்றா.
பிறகு கைப்பையை மடியில் வைத்து
வாங்கிலில் இருந்துவிட்டா.

முகாமையாளர் சிற்சபேசன் பூட்டறைக்குள் போனார்.
உறை உறையாக,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாக,
நாற்பது நிமிடம்.
வெளியில் வந்து மேசையில் வைத்தார்.
உறையின்மேல் பச்சை மையில் அவவின் பெயர்.
உள்ளே சங்கிலி, வைத்த இடத்திலேயே இருந்த சங்கிலி.

என் வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழுந்தது.

பின்னறைக்கு ஓடினேன்.
சுட்டியை நம்பாதே,
அட்டவணையை முதல் வரியிலிருந்து கடைசி வரி மட்டும்
நீயே வாசி என்றேன்.
பதினொரு விநாடி.
இருக்கிறா.

பழைய இயங்குதளத்துக்கு ஜ, ச-வின் பக்கத்து வளவு.
புதியதுக்கு அது ன-வுக்கும் அங்கால்,
ஷ, ஸ, ஹ-வோடு வரிசையின் வாலில்.
விடுமுறை இரவில் அகரவரிசை இடம்பெயர்ந்திருக்கிறது,
சுட்டிக்கு ஒருவரும் சொல்லவில்லை.
புது ஒழுங்கில் தேடுகிறவன்
பழைய ஒழுங்கில் அடுக்கிய அலுமாரியைத் திறந்து
தனக்குத் தெரிந்த தட்டை மட்டும் தொட்டுவிட்டு
இல்லை என்கிறான்.
பொய் சொல்லவில்லை, பாவி.
அவனுக்குச் சந்தேகமே இல்லை.

ஜ-வில் தொடங்குகிறவர்களை எண்ணிப் பார்த்தேன்.
ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு.
ஜெறாட், ஜசிந்தா, ஜானகிதேவி, ஜோண் பொஸ்கோ,
எல்லாரும் எட்டரை மணியிலிருந்து
எங்கள் வங்கியில் இல்லாதவர்கள்.
நகையெல்லாம் உள்ளே பத்திரமாய்.

“இன்னும் ஆருக்கு இல்லையெண்டு சொன்னனீர்?”
நிரோசினி விரலை மடித்தா.
“மூண்டு பேர்.
ஒராள் பேசிப்போட்டுப் போனவர். ஒராள் நாளைக்கு வாறனெண்டவ.
ஒராள் ஒண்டும் சொல்லேல்ல.”

கவுண்டர்களை நிறுத்திச் சுட்டிகளை
அடியிலிருந்து திரும்பக் கட்டினேன்.
ஒன்றரை மணித்தியாலம்.
வரிசை வாசலைத் தாண்டி வெயிலுக்குள் போனது.
அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை
இங்கே எழுத ஏலாது.
ஜெனோவா சங்கிலியைத் தராசில் போட்டு,
முள் நிற்குமட்டும் பார்த்து,
என் பக்கம் திரும்பாமலே போனா.

இப்போது ஒரு சின்ன வேலை செய்து வைத்திருக்கிறேன்.
இருக்கிறது என்றால் உடனே சொல்லும்.
இல்லை என்று வந்தால்
வாயைத் திறக்க முன்னம் ஒருக்கால் முழுவதையும் வாசிக்கும்.
திரையில் வட்டம் சுற்றும், பதினொரு விநாடி.

“மருந்து முடிஞ்சுதோ?” என்றா நிரோசினி.
“ஓம், முடிஞ்சுது.”

ஒன்றும் சொல்லாமல் போனவரின் பெயர் ஜெகசோதி.
பின்னேரமும் எடுத்துப் பார்த்தேன்.
மணி அடிக்கிறது.