குலை

பேரிகை முனிரத்தினம் தோட்டத்துப் பன்னீர் திராட்சை
நாற்பது கிரேட்.
ஓசூர்க் குளிர்க்கிடங்கில் ஆறு நாள் இருந்தது.
ஏழாம் நாள் கதவைத் திறந்தவன்
மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தான்.

தோட்டத்து நோய் என்கிறார் கிடங்குக்காரர் நசீருல்லா.
கிடங்கு நோய் என்கிறார் முனிரத்தினம்.
நடுவில் ஒரு கிரேட்
என் மேசையில் வடிந்துகொண்டிருக்கிறது.

அழுகியது எல்லோருக்கும் தெரியும்.
யார் அழுக வைத்தது என்று சொல்லத்தான்
எனக்குச் சம்பளம்.

நடு அழுகலில் கத்தி வைக்கக் கூடாது,
அங்கே சாவுக்கு வந்தவர்கள்தான் அகப்படுவார்கள்.
அழுகலும் நல்லதும் தொட்டுக்கொள்ளும் ஓரத்தில்
அரிசி அளவு வெட்டி
பிளீச்சில் ஒரு நிமிடம், தண்ணீரில் மூன்று முறை,
பிறகு உருளைக்கிழங்குக் கஞ்சி உறைந்த தட்டில்.
இருபது தட்டு.

இரண்டாம் நாளே மூடியை முட்டியது ஒன்று.
வெள்ளைப் பஞ்சு, நுனியெல்லாம் கறுப்புக் குண்டூசித் தலை.
இவன் வழிப்போக்கன்,
காயம் பட்ட பழத்தில் ஏறுவான்.
மூன்று தட்டு.

அடுத்து, காப்பித்தூள் கொட்டியது போல் ஒன்று.
கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தால்
அச்சு அசல் பன்னீர்ச் செம்பு.
பன்னீர் திராட்சைக்குப் பன்னீர்ச் செம்பு!
சிரித்தேன். சொல்ல அறையில் ஆள் இல்லை.

நீலப்பச்சை, இரண்டு தட்டு.
உருப்பெருக்கியில் சின்னச் சின்னத் துடைப்பங்கள்.
நசீருல்லா இதற்குத்தான் பயந்தார்:
குளிரிலும் கூசாமல் வளரும் ஜாதி.
இரண்டுதான். அவர் தப்பித்தார்.

மீதிப் பதினாலும்
மெதுவாக, ஒரு வாரம் எடுத்துக்கொண்டு,
எலித்தோல் நிறத்தில் எழுந்தன.

அன்று முனிரத்தினம் வந்திருந்தார்.
பார்க்கலாமா என்றார்.
ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியாமல்
இரண்டையும் மூடினார்.
நான் கையால் மறைத்துக் காட்டினேன்.
பிறகு வெகுநேரம் நிமிரவில்லை.

"இது நம்ம குலையாச்சே" என்றார்.

ஆமாம்.
நீலச் சாயத்தில் ஒரு காம்பு, கிளை பிரிந்து,
கிளை நுனியில் நெருக்கி நெருக்கி மணிகள்.
திராட்சையைத் தின்றது
திராட்சையாகவே காய்த்திருக்கிறது.
அதன் பெயருக்கும் பொருள் அதுதான்,
ஏதோ ஒரு பழைய மொழியில்.
அதை நான் சொல்லவில்லை.

"பூ விட்டப்போ பனி இருந்ததா?"
"பதினோரு நாள். எதிர்க்க நிக்கிற ஆள் தெரியல."
"அப்பவே உள்ள போயிருக்கு.
பழம் இனிக்கிற வரைக்கும்
சும்மா படுத்திருந்திருக்கு."

காரணம் என்ற கட்டத்தில்
இரண்டு சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
அந்த இரண்டு சொல்லுக்கு
முப்பத்தொன்பது கிரேட் விலை.

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.
வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"பழம் கிடக்கட்டும்.
அந்தக் கிரேட்டைக் கழுவிக் குடுங்க,
நூத்தி எம்பது ரூபா அது."