பதினான்காம் ஹைன்றிஹ் கல்முனைக்கு வந்த நாள்

டோக்கன் அறுபத்தேழு.
நீலாவணை அழகரெத்தினம்
அதிர்ஷ்டலாபச் சீட்டொன்றில் சுற்றியதை
கண்ணாடிக்குக் கீழே தள்ளினார்.

பிரித்தேன்.
பதினெட்டு வருடமாய் இந்த அடகுப் பகுதியில்
தாலிக்கொடி, அறுந்த தோடு, நெளிந்த காப்பு,
இடம்பெயர்ந்தபோது புதைத்து மீண்ட பதக்கம்,
எல்லாம் தொட்ட கை.
நடுங்கியது இதற்குத்தான்.

பக்கவாட்டு முகம். மீசை.
எனக்குத் தெரியும் அவரை.
வீட்டில் ஒரு சீ.ஆர். கொப்பியில்
கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறேன்
அந்தச் சில்லறை அரசுகளை:
வால்டெக், ஆன்ஹால்ட், ஷவும்பேர்க்-லிப்ப,
ரொய்ஸ் மூத்த கிளை, ரொய்ஸ் இளைய கிளை.
ஒரே குடும்பம், எல்லை பிரித்து இரண்டு நாடு.
(கல்முனைக்காரனுக்கு இதை விளக்கத் தேவையில்லை.)
குதிரைக்குத் தண்ணீர் காட்டித் திரும்புவதற்குள்
தேசம் முடிந்துவிடும்.
ஆனாலும் தங்கத்தில் காசு.
ரொய்ஸில் எந்த இளவரசன் பிறந்தாலும்
பெயர் ஹைன்றிஹ்தான்.
இலக்கம் மட்டும் மாறும்,
எங்கள் டோக்கனைப் போல.

என்னிடம் உள்ளவை இரண்டே.
பாடன் ஒன்று, ஹெஸ்ஸ ஒன்று,
சித்தாலேபப் புட்டிக்குள், பஞ்சுக்கு நடுவில்.
மனைவியின் கணக்கில் அவை
ஒரு சோடிக் காப்புக்குப் போதாத பவுண்.

தராசு சொன்னது:
வளையத்தைக் கழித்தால்
பவுணுக்கு ஒரு நெல்மணி குறைவு.
சரி, உண்மையான ஆள்தான்.
ஆனால் தலைக்கு மேலே
மகளின் சங்கிலிக்கென்று யாரோ ஒரு தட்டார்
பொடிவைத்து ஊதியிருந்தார்.
அது இலக்கத்தில் பாதியைத் தின்றிருந்தது.
மீசைதான் சொன்னது
பதினாலாவது ஆள் என்று.

அடுத்தது உரைகல்.
நான் வளையத்தை மட்டும் உரைத்தேன்.
பதினெட்டுக் கரட்.
முழுவதற்கும் அதையே எழுதினேன்.
ஓர் அரசனின் கன்னத்தில் கீறல் விழாதிருக்க
அழகரெத்தினத்தின் முப்பதாயிரம் ரூபா.

அவர் பேரம் பேசவில்லை.
கண்ணாடி ஓட்டையால் குனிந்து கேட்டார்:
“ஏன் தம்பி, காதைத்தானே தேய்ச்சீங்க,
ஆளைத் தேய்க்கல்லையே?”

சொன்னேன். சேர்க்கிறவன் என்று,
அபூர்வம் என்று,
வளையம் மட்டும் இல்லாதிருந்தால்
எடைக்கு மேலே எவ்வளவோ தருவார்கள் என்று.
கேறா என்ற பட்டணத்தின் பெயரையும் சொன்னேன்,
கொப்பியில் மட்டும் பார்த்த பெயர்.

“கேறாவிலதான் இருந்தன்” என்றார்.
“கோப்பை கழுவின கடைக்காரி தந்தவ,
சம்பள மிச்சத்துக்கு.
அகதிக் கேஸ், ஆறு வருசம்.
கடிதமில்லாம எல்லையைத் தாண்டினா அபராதம்.
அங்கால மாவட்டத்தில தம்பிர கலியாணம்.
நான் இவன்ட ஊருக்குள்ளயே நிண்டன்.”

பிறகு இரண்டு விரலால்
காசைத் திரும்பவும் என் பக்கம் தள்ளினார்.
“உரைங்க. வடிவா உரைங்க.
தோணி எஞ்சினுக்குக் காசு காணாது.”

உரைத்தேன்.
விளிம்பில்தான். அந்தக் கள்ளம் போகவில்லை.
கறுப்புக் கல்லில் ஒரு மஞ்சள் கோடு,
அமிலம் விட்டும் நின்றது.
பழைய சீட்டைக் கிழித்துப் புதிதாய் எழுதினேன்:
காசு வடிவப் பதக்கம், ஒன்று.
பதினாலாம் ஆளுக்கு உறையில் புது இலக்கம்,
மூவாயிரத்து எண்பத்திரண்டு.

அறுபத்தெட்டு என்று கூப்பிட்டேன்.
ஒரு பிள்ளைத்தாய்ச்சி எழுந்து வந்தாள்,
மோதிரத்தைக் கழற்றியபடி.
அவளுக்கு வேறு கல் எடுத்தேன்.
மற்றதைப் பின்னேரம் வரை கழுவவில்லை.