கீழ்ப்புறம்: காலி

படிவத்தில் பதினொன்றாவது கட்டம்:
கரை உடைந்தால் கீழ்ப்புறம் என்ன இருக்கிறது?
முன்பு வந்தவர் எழுதியிருந்தார், நல்ல கையெழுத்து:
காலி. கைவிடப்பட்ட உப்பளம்.
ஆகவே மூன்றாம் வகை, குறைந்த ஆபத்து,
பத்து வருடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும்.

வகை என்பது கரையின் குணம் இல்லை.
இதைத்தான் மேலாளர் சோபன் பாபுவுக்கு
விளக்கிக்கொண்டே ஏறினேன்.
விழுந்தால் யார் மேல் விழும் என்பதே கணக்கு.
யாருமே இல்லையென்றால்
எப்பேர்ப்பட்ட நோஞ்சான் கரையும் சாதுதான்.
அவர் தலையாட்டினார்,
வெயிலுக்கு ஃபைலைத் தலைக்கு மேல் பிடித்தபடி.

உருக்காலை மூடிப் பதினாறு வருடம்.
இரும்பைக் குளிர்விக்க வெட்டிய குட்டை மட்டும்
வேலையை விடவில்லை,
ஐப்பசி தவறாமல் வந்து நிரம்புகிறது.
இருநூற்றுப் பத்து மீட்டர் மண்கரை, இரண்டு ஆள் உயரம்.
உச்சியெல்லாம் சீமைக்கருவேலம்,
வேர் நுழைந்த இடமெல்லாம் நண்டு வளை.
எண்ணூர்ப் பக்கமிருந்து சாம்பலும் உப்பும் கலந்த காற்று.
டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை;
பாபுவே பிடித்தார், மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு.

கிழக்குச் சரிவில் இறங்கினால்
காலியில்
பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது.
சிமெண்ட் ஷீட், தார்ப்பாய், ஃப்ளெக்ஸ்.
ஏதோ தேர்தலின் கும்பிட்ட கைகள் மட்டும்
ஒரு வீட்டுக்குக் கூரை.
சாலையை அகலமாக்கியபோது
கன்டெய்னர் லாரிகளுக்கு வழிவிட்டு வந்தவர்களாம்.
முப்பத்தெட்டு என்று குறித்தேன்.
'முப்பத்தொம்பது சார்,' என்றான் பின்னாலேயே வந்த பொடியன்,
'எங்க ஊட்ட உட்டுட்ட.'

கரையின் காலடியில் ஒரு குழி.
சுற்றிலும் செங்கல், மஞ்சள், குங்குமம்.
ஏகவல்லி குடத்தைச் சாய்த்து வைத்திருந்தாள்.
'ஊத்து சார். சித்திரைல கூட நிக்காது.
லாரி வராத நாளெல்லாம் இதான் எங்களுக்கு.
வெள்ளிக்கெழம கற்பூரம் ஏத்துறோம்.'

நான் படித்ததில் அதன் பெயர் கசிவு.
தெளிந்து வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.
கலங்கி வந்தால்
வருவது தண்ணீர் இல்லை, கரை.

'கண்ணாடியாட்டம் இருக்கும்.
மூணு நாளாதான் டீ கலர்ல வந்துக்கினு கீது.
அப்பால தெளிஞ்சிடும்.'

என் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு
அதில் பிடித்துக்கொண்டேன்.
வேகம் கூடினால் குடத்தைப் போட்டுவிட்டு
எல்லாரையும் எழுப்பிக்கொண்டு மேம்பாலத்துக்கு ஓடு என்றேன்.
வகையை மாற்றப் போகிறேன் என்றேன். முதல் வகை.
'ஒண்ணாம் நம்பரா?'
அவள் முகம் மலர்ந்தது.
'அப்ப கரண்டு குடுப்பாங்களா?'

பாபு தனியே அழைத்தார். குரலில் கனிவுதான்.
முதல் வகையென்றால் கரையைப் பிரித்துக் கட்ட வேண்டும்,
நாற்பது லட்சம், ஐயா அமெரிக்காவில்.
இது புறம்போக்கு சார்.
ஒரு மனு, ஒரு ஜேசிபி, ஒரு காலைப்பொழுது.
கீழ்ப்புறம் மறுபடி காலி.
கரையில் ஒரு கூடை மண் கொட்டாமலே
மூன்றாம் வகை.
'உங்க விதிப்படிதானே?'

என் விதிப்படிதான்.
மோதிரத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

இரவு அலுவலகத்திலேயே இருந்தேன்.
தாசில்தாருக்கு இரண்டு முறை போன்,
இரண்டாவது முறை எடுத்தார்,
பார்க்கிறேன் என்றார்.
மேசையில் பாட்டில்.
விடியற்காலையில் மேலே தண்ணீர் தெளிந்திருந்தது,
அடியில் ஒரு விரல் மண்.
அவ்வளவு கரை
பஸ் ஏறி என்னோடு வந்துவிட்டது.

காலி என்பதை அடித்துவிட்டு
முப்பத்தொன்பது வீடுகள் என்று எழுதினேன்.
அடுத்தது பரிந்துரை. இரண்டு வரிக்குத்தான் இடம்.
வீடுகளை என்று தொடங்கலாம்.
கரையை என்றும் தொடங்கலாம்.
'கரையைப்' என்று எழுதிவிட்டேன்.
ப் விழுந்துவிட்டது;
இனி பகரத்தில் ஒரு வினை வந்துதான் ஆகவேண்டும்.

ஜன்னல் தகரத்தில்
தூறல் விழத் தொடங்கியிருந்தது.