அரைப்புள்ளி

மார்ச் முப்பத்தொன்று, இரவு ஒன்பதே கால்.
தேவகோட்டை ராம் நகரில் கரண்ட் போய்த் திரும்பியதில்
மோடம் மூன்று விளக்கில் இரண்டைத்தான் ஏற்றியிருக்கிறது.
பன்னிரண்டுக்குள் கோப்பு சென்னைக்குப் போயாக வேண்டும்:
இலவச டயாலிசிஸ், நான்காம் காலாண்டு,
பயன்பெற்ற குடும்பங்கள், முழு எண்ணில்.

மென்பொருளில் ஏற்றினேன். ஏறியது.
ஆனால் பதினேழாம் வரிக்குக் கீழே
ஊரே இடம் மாறிக் கிடக்கிறது.
கண்டனூர் வயதுக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது.
அறுபத்திரண்டு என்பது ஒருவருடைய ரத்த வகை.
இன்னொருவருக்கு ஓ பாசிட்டிவ் தகப்பன் பெயர்.
ஆணா பெண்ணா என்ற இடத்தில்
பத்து இலக்கக் கைபேசி எண்.

சேவுகன் எட்டிப் பார்த்து, "வைரஸா?" என்றார்.
டேலிக்கு வெளியே நடப்பதெல்லாம்
கணக்காளருக்கு வைரஸ்.

வைரஸ் இல்லை. ஜெபமாலை.
பிப்ரவரியில் களப்பணிக்குச் சேர்ந்தவள்.
அதற்கு முன் காரைக்குடி அச்சகம் ஒன்றில்
கல்யாணப் பத்திரிகைக்கு மெய்ப்புப் பார்த்தவள்.
மற்றவர்கள் குறிப்புக் கட்டத்தில் 'ஓகே' போட்டுவிட்டு பஸ் பிடிக்க,
இவள் வாக்கியம் எழுதுகிறாள்.
எழுதி, நடுவில் அரைப்புள்ளி வைக்கிறாள்.
அரைப்புள்ளியைக் கண்ட இடத்தில் கட்டத்தை வெட்டு என்று
இந்த மென்பொருளுக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

வெட்டியிருக்கிறது.
'மகன் திருப்பூரில் என்கிறார்'
இது குறிப்பு.
'எண் கேட்டால் இல்லை என்கிறார்'
இது ஊர்.

அடுத்த வரி.
'கணவர் தை மாதம் தவறிவிட்டார்'
இது குறிப்பு.
'இன்னமும் வருகிறார், செவ்வாய்தோறும்.
ஐந்தாம் நாற்காலிக்காரருக்கு ஊசி ஏறிய கை அசையக்கூடாது,
படம் பார்க்க போனைப் பிடித்துக் காட்டுகிறார்'
இதுவும் ஊர்தான்.

இந்தப் பக்கம் புள்ளி என்றால் வெறும் புள்ளி இல்லை.
கோவில் வரி எழுதும் ஏட்டில்
கட்டிக்கொண்ட இருவர் சேர்ந்து ஒரு புள்ளி.
ஒருவர் போனால் மிச்சமிருப்பவர் அரைப்புள்ளி.
நான் அந்த ஏட்டில் வருகிற ஆள் இல்லை.
அறங்காவலர் பழ.சித.லெ.ராம. சூமில் வரும்போதெல்லாம்
"இந்த மாசம் எத்தனை புள்ளி?" என்று கேட்டுக் கேட்டு
எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது.
(அவருடைய இனிஷியலுக்கே மென்பொருள்
இரண்டெழுத்துதான் இடம் தந்தது.
நன்கொடை ரசீதில் அவர் பாதிப் பேர்.)

"ஆள் போயாச்சுல்ல, முற்றுப்புள்ளி வச்சிரு" என்கிறார் சேவுகன்.
அவர் சொல்வதில் பிழை இல்லை.
இறந்தவருக்கு ஊசி இல்லை, குழாய் இல்லை, பில் இல்லை.
பில் இல்லாத வரிக்கு எந்தக் கம்பெனியும் பணம் தருவதில்லை.
போன் பிடித்துக்கொள்வதற்கு எங்கள் பட்ஜெட்டில்
தலைப்பே இல்லை.

தேடு: அரைப்புள்ளி. மாற்று: காற்புள்ளி.
இருபத்தாறு இடம், ஒரே பொத்தான்.
முதலில் அந்த ஒன்றில் மட்டும் மாற்றிப் பார்த்தேன்.
கணவர் தவறிவிட்டார், இன்னமும் வருகிறார்.
செத்தவரே செவ்வாய்தோறும்
ஷேர் ஆட்டோ பிடித்து வருவதுபோல் இருந்தது.

பழையபடி வைத்தேன்.
பிறகு இரட்டை மேற்கோள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.
அதற்குள் இருப்பதை வெட்டாது, விதி அப்படி.
இருபத்தாறையும் கையாலேயே போட்டேன்.
பத்தே முக்காலுக்குக் கண்டனூர் ஊருக்குத் திரும்பியது.
தகப்பன்களுக்குப் பெயர் வந்தது.

கூட்டினேன். 41.5.
'முழு எண் மட்டும்' என்று சிவப்பில் மறுத்தது படிவம்.
சேவுகன் வண்டியைக் கிளப்பிவிட்டார், கேட்க ஆளில்லை.
பாதிக்கு மேல் என்றால் ஏற்று, கீழ் என்றால் இறக்கு,
சரிபாதிக்கு என்ன செய்வது என்று
ஏழாம் வகுப்பில் சொன்னார்கள், மறந்துவிட்டது.

நாற்பத்திரண்டு என்று அடித்தேன்;
மோடத்தின் மூன்றாவது விளக்கு
இன்னும் வரவில்லை