ஒன்றே ஒன்று மீதம்

முதலில் பார்த்தபோது அதன் விலை
நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்.
டோம்பிவிலியில் எங்கள் வீட்டுக்கு
மூன்று மாத வாடகை.
பாட்டில் பச்சை. விரல் தடிமனில் குதிகால்.
உள்ளே ஆட்டுத்தோல், அதன் மேல்
எனக்கு உச்சரிக்க வராத ஓர் இத்தாலிக்காரரின் கையொப்பம்.
இதயக்குறியைத் தொட்டு வைத்தேன்.
பார்த்துவைக்கக் காசா, பணமா.

மாசியில் இருபத்தேழு.
காய்ச்சல் இறங்குகிற மாதிரி இறங்கியது.
எல்லோரும் படுத்த பிறகு
திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு
தினமும் ஒருமுறை
நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.
பதினெட்டு.
திடீரென்று இருபத்திரண்டுக்கு ஏறிய வாரம்
குழம்பில் உப்பு கூடிப்போனது.
யாருக்கும் காரணம் தெரியாது.

பகலில் நான் ஆடிட்டர் ஆபீஸில்
பிறர் கணக்கில் பிழை தேடுகிறவள்.
இரவிலும் அதே வேலைதான்:
பொத்தான் ஒன்று குறைந்ததால்
தொள்ளாயிரத்துக்கு வந்தது ஒரு பட்டுச் சட்டை
(பொத்தான், தாதரில் ஏழு ரூபாய்).
லேபிளைத் தலைகீழாகத் தைத்துவிட்டதால்
ஒரு பாரிஸ் பாவாடை.
லேபிளை யார் பார்க்கப்போகிறார்கள்?
நான் பார்ப்பேன்.
அதற்குத்தானே வாங்கினேன்.

மும்பையில் ஆடி கிடையாது.
ஆனாலும் ஆடியில்தான் விழுந்தது.
ஏழு மணி லோக்கல், பெண்கள் பெட்டி,
நனைந்த குடைகளின் நடுவே
மூக்கோடு மூக்காக நான்கு பேர்.
எட்டாயிரத்து நானூறு.
கூப்பன் போட்டால் இன்னும் எழுநூறு குறையும்.
முப்பத்தெட்டாம் எண். ஒன்றே ஒன்று மீதம்.
விரல் நின்றுவிட்டது.
பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள்
என் திரையை எவ்வளவு நேரமாகப் பார்த்தாளோ,
"கேவுன் டாக்" என்றாள்.
வாங்கித் தொலை.

தொட்டேன்.
கல்வா தாண்டியிருந்தது.
சுரங்கம்.

சிக்னல் இல்லை.
வட்டம் சுற்றுகிறது.
ஜன்னலில் எங்கள் முகங்கள் மட்டும்.
பெங்களூரிலோ டெல்லியிலோ
முப்பத்தெட்டு அளவுக் கால் உள்ள இன்னொருத்தி
சோபாவில் சாய்ந்தபடி, முழு சிக்னலோடு,
இதே நொடியில் இதே பச்சையை...
அவளை நான் மனதாரச் சபித்தேன்.
பட்டாணிக்காரியும் உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

மும்ப்ரா வெளிச்சம் வந்தது.
போன் ஒருமுறை கிணுங்கியது.
"ஜாலா?" என்றாள்.
ஆச்சு என்றேன், தமிழிலேயே.
புரிந்துகொண்டு
அடுத்த காயை எடுத்தாள்.

ஐந்தாம் நாள் கீழிருந்து ஒரு குரல்:
"எஸிலாராஸி மேடம், ஓ.டி.பி.!"
எழிலரசி என்று திருத்துகிற நிலைமையில் நான் இல்லை.
படிகளை இரண்டிரண்டாக இறங்கினேன்,
நாற்பத்துமூன்று வயதில்.

டப்பா, டப்பாவுக்குள் துணிப்பை,
பைக்குள் மெல்லிய தாள்.
அந்தத் தாளின் சரசரப்புக்கே
இரண்டாயிரம் தரலாம்.
அரை அளவு பெரிது.
முனையில் கொஞ்சம் பஞ்சு வைத்தேன்.
திருப்பி அனுப்ப ஏழு நாள் அவகாசமாம்.
யார் அனுப்புவது?

மழையில் அதைப் போட முடியாது.
ரப்பர் செருப்பில் ரயிலேறி
லிஃப்டுக்கு முன்னால் மாற்றிக்கொள்வேன்.
இத்தனைக்கும் நடப்பது
மேஜையிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை.
மேதா காம்ப்ளி குனிந்து பார்த்துவிட்டு
"எவ்வளவு?" என்று கேட்டதும்
முதலில் நாற்பத்தோராயிரம் என்றேன்.
அவள் கண் விரிய விட்டு,
ஒரு மிடறு தண்ணீர் குடித்து,
பிறகுதான் மிச்சத்தைச் சொன்னேன்.
நகை போடுவதை விட்டு வெகுநாளாயிற்று.
எனக்கு அந்த இரண்டு எண்களின்
இடைவெளி போதும்.

மறுவாரம் அதே பெட்டி. அன்று கொத்தவரங்காய்.
என் ரப்பர் செருப்பைப் பார்த்தவள்
ஏமாந்தவள்போல முகம் சுருக்கினாள்.
பையைத் திறந்து காட்டினேன்.
புடவையில் கையை இருமுறை துடைத்துக்கொண்டு
குதிகாலை மட்டும் தொட்டாள்.
பிறகு மடியிலிருந்து
கீறல் விழுந்த போனை எடுத்து நீட்டினாள்.
"எனக்கும் போட்டுக் கொடு.
நாற்பதாம் எண். சிவப்பு.
அவசரமில்லை,
இறங்கட்டும்."