உப்புமிழ் நிலத்தார்

சாஸ்கட்டூனில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
காரின் மூக்கில் மின்கம்பியைச் செருகிவிட்டு
மேலே வந்து ஆய்விதழின் கோப்பைத் திறந்தேன்.
கையெழுத்துப்படி எண் நானூற்றுப் பதினேழு.
ஒப்புமை முப்பத்தெட்டு விழுக்காடு
என்றது மென்பொருள்,
காய்ச்சல் பார்த்த நர்ஸின் குரலில்.

விழுக்காடு ஒன்றையும் சொல்லிவிடாது.
மண்ணைச் சலித்தோம், உலர்த்தினோம், எடைபோட்டோம்.
சோறு வடிப்பதை எத்தனை விதமாய் எழுத முடியும்?
மேற்கோள் பட்டியலையும் சேர்த்தே எண்ணியிருக்கும் அது.
எல்லாம் கழித்துப் பார்த்தேன்.
மிஞ்சியது ஒரே ஒரு பத்தி,
ஆரஞ்சு நிறத்தில், முழுசாக.

இரண்டாம் வரியிலேயே தெரிந்துவிட்டது.
என் பத்தி.
பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் எழுதியது.
0.84 இருக்கவேண்டிய இடத்தில் 8.4.
தூக்கக் கலக்கத்தில் நான் நகர்த்திய புள்ளி
தாயின் மச்சம் பிள்ளைக்கு வந்ததுபோல்
அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.
பெட்டியோடு தூக்கியவனுக்கு
உள்ளே கிடந்த அடகுச்சீட்டு தெரியவில்லை.

கோபம் வந்தது.
பொய் சொல்வானேன், கொஞ்சம் பெருமையும்.

பறிகொடுத்தவளே தீர்ப்பெழுதக் கூடாது என்பது விதி.
கோப்பை ஹாலிஃபாக்ஸிலுள்ள இணையாசிரியர் டெவ்லினுக்கு
மாற்றிவிட்டேன்.
அவர் கடிதத்தில் திருட்டு என்ற சொல்லே இல்லை.
'இந்தப் பகுதிக்கு விளக்கம் தேவை. பதினான்கு நாள்.'

பதினோராம் நாள் பதில் வந்தது. மாணவன்.
'அந்த ஒரு வாக்கியத்தைவிட நன்றாகச் சொல்ல
எனக்கு வரவில்லை.
மாற்ற மாற்றக் கெட்டது.
அப்படியே வைத்தேன். பிறகு
சுற்றியிருந்ததும் கூடவே வந்துவிட்டது.'

அந்த ஒரு வாக்கியம்:
குடித்த நீரை வானத்துக்குத் திருப்பிவிட்டு
உப்பை மட்டும் உமிழ்ந்து காட்டும் நிலம்.

ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தும் கை சில்லிட்டது.

ரோஸ்டவுன் போகும் ஏழாம் நெடுஞ்சாலையோரம்,
ஏப்ரல் மாதம், பாதி உருகிய வயல்.
மண்துளைப்பானில் சாய்ந்து நின்று
சூரியகாந்தி விதை கடித்துத் துப்பியபடி
ஐரீன் வாசிலென்கோ சொன்னது அது.
மணிக்கூலிக்கு வந்த உதவியாள்.
நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.
கீழே தேதி போட்டேன். பெயர் போடவில்லை.
என் கட்டுரையின் நன்றியுரையில்
உலர்த்தும் அடுப்பு தந்த கம்பெனி இருக்கிறது.
ஐரீன் இல்லை.

அன்றைக்கு எந்த மென்பொருளில் போட்டிருந்தாலும்
என் ஒப்புமை சுழியம்தான்.
காற்றில் சொன்னதை அது தேடாது.

நம் பழந்தொகைகளைக் கட்டியவர்கள்
பாடியவர் பெயர் தொலைந்த இடத்தில்
அவர் சொன்ன உவமையையே பெயராக்கி
ஒரு 'ஆர்' சேர்த்து உட்கார வைத்தார்கள்.
அந்தக் கணக்கில், ஐரீன்,
நீ உப்புமிழ் நிலத்தார்.
உன் பெயரோ தொலையவும் இல்லை.
எனக்குத் தெரிந்தே இருந்தது.

டெவ்லின் கட்டுரையை நிராகரித்தார்,
வழிகாட்டிக்கு ஒரு கடிதம் போட்டார்,
அதோடு நிறுத்திக்கொண்டார்.
நான் என் பழைய இதழுக்கு இரண்டு திருத்தம் அனுப்பினேன்.
தசமப்புள்ளி, அடுத்த இதழிலேயே வரும் என்றார்கள்.
இரண்டாவதற்கு,
'வாய்மொழித் தகவல் எனில்
சொன்னவரின் எழுத்துமூல ஒப்புதல் தேவை.'

பிகர் என்ற சின்ன ஊரில் மூன்று வாசிலென்கோக்கள்.
ஒன்று டிராக்டர் கடை.
ஒன்று யாரும் எடுக்கவில்லை.
மூன்றாவதில்
எதை முதலில் சொல்வது, புள்ளியையா, உப்பையா
என்று நான் முடிவெடுக்குமுன்
வயதான ஒரு குரல்,
வாயில் எதையோ கடித்துக்கொண்டு,
'யார் பேசுவது?'